யார் பேரில் எழுதுறது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு "பொறுப்பும் சேவையும்". நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிற கடற்கரை ஊர் எங்களுடையது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், குழுவில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். நான் கிறிஸ்தவப் பெண். இங்கே ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களும் இருக்கிறீர்கள், ரம்ஜானில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர்களும் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் சபையில் நடந்தது. அதைத்தான் சொல்ல முடியும். அதில் உங்கள் தெருவுக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு வார்த்தை இருக்கிறது. "எல்லாரும் சேர்ந்து பாத்துக்கலாம்." கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் எல்லாரும் என்றால் அது யார்? நாளைக்குக் காலையில் எந்த வீட்டுக் கதவை யார் போய்த் தட்டுவது? அதைச் சொல்லாமல் கூட்டம் கலைந்தால், ஒரு வாரம் கழித்தும் அந்தக் கதவு அப்படியே சாத்தித்தான் இருக்கும். ஒரு பேருள்ள மனுஷி, ஒரு நாள், ஒரு வேலை என்று எடுத்துக்கொண்டால்தான் சேவை நடக்கிறது. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

சேவை என்றாலே நமக்குப் பெரிய ஆட்கள் ஞாபகம்தான் வருது. கோவளத்தில் கார்மேல் மாதா கோயில் இருக்கிறதே, அதை 1808-இல் கட்டியவர் ஜான் டி மான்டே என்ற பெரிய வியாபாரி. "டிமான்டி காலனி" என்று பேய்ப் படம் பார்த்தீர்களே, அந்தப் பேர் அவருடையதுதான். சினிமாவில் அவரைப் பேயாக்கிவிட்டார்கள். நிஜத்தில் அவர் தன் சொத்தைத் தர்மத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனவர். அவருக்கு எழுதிவைக்கச் சொத்து இருந்தது. நமக்கு இருக்கிறது பாஸ் புத்தகமும் பத்துப் பாத்திரமும். அதனால் நம்மால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடுகிறோம்.

இன்னொன்று, ஆபத்து நேரத்துச் சேவை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கடற்கரையில் இருந்தவர்கள் எல்லாம் மேட்டுப் பக்கம் ஓடினார்கள். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், கோயில், சர்ச் என்று எது திறந்திருந்ததோ அதில் ஜனம். யார் சாமி, எந்த ஜாதி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. யாரும் கூப்பிடாமலேயே அண்டா இறங்கியது, சோறு வெந்தது. அந்த மாதிரி நேரத்தில் நம்ம ஜனம் ஓடி வரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கஷ்டமான சேவை வேறு. ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று நீளும். போட்டோ எடுக்க ஆள் வராது. சுற்றி இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அந்த மாதிரி சேவைக்கு நம்ம மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

மாமல்லபுரத்தில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. அங்கே பக்கத்தில் திருமணி. இப்போது அது மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம். அதற்கு முன்னால் அது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. 1924-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷன் நிர்வாகத்தில் தொடங்கியது. 1955-இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. ஆரம்பத்தில் இந்த நோய்க்குச் சரியான மருந்தே கிடையாது. நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போடுவார்கள். 1940-களில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் டாப்சோன் மருந்தை இங்கே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்றைக்கும் தொழுநோய்க்குக் கொடுக்கிற மருந்துகளில் டாப்சோன் ஒன்று. நம்ம செங்கல்பட்டுக்கு அதில் பங்கு இருக்கிறது.

டாக்டர் பேர் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு ஆஸ்பத்திரி டாக்டரால் மட்டும் ஓடாது. தினமும் யாரோ ஒருத்தர் புண்ணைக் கழுவியிருக்க வேண்டும். யாரோ ஒருத்தர் கட்டுத்துணியை வெந்நீரில் போட்டு அலசியிருக்க வேண்டும். ஊரே விரட்டிவிட்ட மனுஷருக்கு யாரோ ஒருத்தர் பக்கத்தில் நின்று சோறு போட்டிருக்க வேண்டும். அவர்கள் பேர் நமக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்த வேலை அவர்கள் பேரில்தான் இருந்திருக்கும்.

இப்போது எங்கள் சபையில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த அக்காவின் பேரைச் சொல்ல மாட்டேன். அவங்களிடம் கேட்டு, "சொல்லும்மா, நாலு பேருக்கு உபயோகப்படும்" என்று அவங்க சொன்ன பிறகுதான் பேசுகிறேன்.

கொரோனா முடிந்த பிறகு நடந்தது இது. அந்த அக்கா சபையிலும் இருப்பவர், எங்கள் குழுவிலும் இருப்பவர். அறுப்பின் பண்டிகைக்குச் சமையல் என்றால் அவங்க கைதான். ஒரு நாள் இட்லிக் குண்டானை இறக்கும்போது முழங்கைக்குக் கீழே சூடு பட்டு, பெரிய கொப்புளம். அது அவங்களுக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பார்த்து, "இன்னாக்கா கை இப்படி வெந்திருக்கு" என்று கேட்ட பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், கையில் இருந்த வெளிறின தேமலைத் தொட்டுப் பார்த்து, முதுகையும் பார்த்து, தொழுநோய் என்றார்கள். பன்னிரண்டு மாதம் மாத்திரை.

அதற்கப்புறம் ஊர் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் தட்டைத் தனியாக வைத்தார்கள். புருஷன் வீட்டுப் பக்கம் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு. குழுவில் இரண்டு பேர், "கடன் பாக்கி இருக்கே, வேலைக்குப் போகலைன்னா யார் கட்டுவா, எடுத்துட்டு வேற ஆளைப் போடலாமா" என்றார்கள். சபையில் அதைவிடக் கஷ்டம். எங்கள் கோயிலில் திருவிருந்து அன்றைக்கு எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிப்போம். மற்ற மதத்துச் சகோதரிகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரே பந்தி, ஒரே கிண்ணம், அதில் பெரியவர் சின்னவர் கிடையாது. அந்தக் கிண்ணத்தைப் பற்றிக் கிசுகிசு எழுந்தது. அந்த அக்கா அடுத்த மாதம் திருவிருந்துக்கே வரவில்லை.

ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கிய சங்கத்தில் உட்கார்ந்தோம். ஜெபம் பண்ணினோம். "ஆயர் ஐயா பார்த்துப்பார்" என்றார் ஒருத்தர். "நம்ம எல்லாரும் சேர்ந்து பாத்துக்கணும்" என்றார் இன்னொருத்தர். எல்லாரும் தலையாட்டினோம். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா, எழுபது வயசுக்கு மேல் இருக்கும், நோட்டை எடுத்து வைத்திருந்த பெண்ணைப் பார்த்துக் கேட்டார்: "சரிம்மா, இதை யார் பேர்ல எழுதுறது?"

யாரும் பேசவில்லை. ஆயாவே தொடர்ந்தார். "மாமியார்கிட்ட பேசுறது என் பேர்ல எழுது. அவ எனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி முறை. நான் பேசுனா கேப்பா. அடுத்தது சொல்லு."

அப்படித்தான் நோட்டு நிரம்பியது. மாதம் ஒரு தடவை சுகாதார நிலையத்துக்குக் கூடப் போய் மாத்திரை அட்டை வாங்கி வருவது ஒருத்தர். உணர்ச்சி இல்லாத கையையும் காலையும் தினமும் பார்க்க வேண்டும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார்கள். அதற்குக் கிழமைக்கு ஒருத்தர். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது ஒருத்தர். கிண்ணத்தைப் பற்றி ஆயர் ஐயாவிடம் பேசுவது ஒருத்தர். எனக்கு வந்தது வியாழக்கிழமை.

வியாழக்கிழமை சாயங்காலம் போவேன். பேசினில் சாதாரணத் தண்ணீர் வைத்துக் காலையும் கையையும் இருபது நிமிஷம் ஊற வைக்க வேண்டும். பிறகு காய்ந்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். பாதத்தில் கொப்புளம், வெடிப்பு, முள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலி தெரியாத காலில் முள் ஏறினால் தெரியாது. அதுதான் புண்ணாகி விரலைக் கொண்டுபோகும். நோய் நேராக விரலைத் தின்பதில்லை. கவனிக்காத காயம்தான் தின்கிறது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது நர்சம்மா.

இரண்டு மூன்று மாதத்தில் அக்காவின் தோல் கறுத்தது. "பாத்தியா, முத்திப்போச்சு" என்று தெரு பேசியது. அந்த மாத்திரையில் ஒன்றுக்கு அப்படித் தோல் கறுக்கும், மருந்தை முடித்தபின் மெல்ல மெல்லச் சரியாகும் என்று சுகாதார நிலையத்தில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அட்டை வாங்கப் போகிறவர் பேரில் அந்த வேலையும் இருந்ததால், தெருவுக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தது. இல்லாமல் இருந்தால் அந்தப் பேச்சிலேயே அக்கா மாத்திரையை நிறுத்தியிருப்பார்.

ஐந்தாவது மாதம் நோட்டில் சில கிழமைகள் காலியாக இருந்தன. அதுவும் மனுஷ இயல்புதானே. ஆனால் பேர் எழுதியிருந்ததால், எந்தக் கிழமை காலி என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஆயா யாரையும் திட்டவில்லை. "உனக்கு செவ்வாய் முடியலைன்னா சொல்லு, வேற ஆள் பேர்ல மாத்திக்கலாம். சும்மா மட்டும் இருக்காதே" என்றார். முடியவில்லை என்று சொல்வதும் பொறுப்புதான். சொல்லாமல் இருப்பதில்தான் ஒரு உயிர் தவிக்கிறது.

ஆயர் ஐயா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் நோயைப் பற்றி டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். இது பாவத்தால் வருவதில்லை, சாபத்தால் வருவதில்லை, பரம்பரையாகவும் வருவதில்லை. ஒரு கிருமியால் வருகிறது. 1873-இலேயே நார்வே நாட்டு டாக்டர் ஹேன்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். பெரும்பாலானவர்கள் உடம்புக்கு இதை எதிர்க்கிற சக்தி இயல்பாகவே உண்டு. மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, அடுத்த திருவிருந்தில் அந்த ஆயா என்ன செய்தார் தெரியுமா? அக்காவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, அவங்களுக்கு அடுத்த ஆளாகத் தான் நின்றார். அக்கா குடித்த கிண்ணத்தில் ஆயா குடித்தார். அவர் பின்னால் நாங்கள் நின்றோம்.

எங்கள் வேதத்தில் நல்ல சமாரியன் என்று ஒரு கதை இயேசு சொல்லியிருக்கிறார். வழியில் அடிபட்டுக் கிடக்கிறான் ஒருத்தன். கோயில் வேலை பார்க்கிற இரண்டு பேர் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறார்கள். ஒதுக்கப்பட்ட ஜாதிக்காரன் ஒருத்தன் நிற்கிறான். அவன் செய்த வேலைகளைக் கணக்குப் பண்ணிப் பாருங்கள். காயத்துக்கு எண்ணெய் வார்த்தான், கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு காசு கொடுத்தான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று தன் பேரில் கணக்கு எழுத வைத்தான். இரக்கப்பட்டதோடு நிற்காமல், கணக்கைத் தன் பேரில் ஏற்றுக்கொண்டான். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அதுதான்.

இதில் அந்த அக்காவின் பொறுப்பையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு அட்டை மாத்திரையையும் விழுங்கியது அவங்கதான். வாந்தி வந்த நாளும் விழுங்கினார்கள். குழுச் சேமிப்பை ஒரு மாதமும் நிறுத்தவில்லை. கடன் தவணையைக் குறைத்துக் கட்ட தீர்மானம் போட்டோம். குறைத்த தவணையைத் தவறாமல் கட்டினார்கள். "எனக்காக வேற யாரும் கட்ட வேணாம், நாளைக்கு அதைச் சொல்லிக் காட்டுவீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நாம் சேவை செய்கிறோம் என்று ஒருத்தரைப் "பாவம்" ஆக்கிவிடக் கூடாது. அவங்க பங்கை அவங்க செய்ய இடம் விட வேண்டும்.

அம்மா வீட்டுக்கு அனுப்புகிற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-இல் நாடாளுமன்றத்தில் சட்டம் திருத்தினார்கள். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க இப்போது வழி கிடையாது. இந்துக்கள் சட்டத்திலும் எடுத்துவிட்டார்கள், கிறிஸ்தவர்கள் சட்டத்திலும் எடுத்துவிட்டார்கள், முஸ்லிம்கள் சட்டத்திலும் எடுத்துவிட்டார்கள். இதை உங்கள் குழுவில் போய்ச் சொல்லுங்கள். ஆயா அந்த மாமியாரிடம் பாசத்தில் பேசினார். கூடப் போனவர் சட்டத்தைப் பேசினார். இரண்டும் வேலை செய்தது.

இன்றைக்கு அக்கா குணமாகிவிட்டார். இரண்டு விரலில் உணர்ச்சி திரும்பவில்லை. அதனால் துணி சுற்றித்தான் குண்டானைத் தூக்குவார். போன அறுப்பின் பண்டிகைக்குச் சாம்பார் அவங்க கைதான். ஆனாலும் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அவங்க கொடுத்தால் டீ வாங்க மாட்டார்கள். வேலை முடியவில்லை சகோதரிகளே. அந்த இரண்டு வீடும் இப்போது ஒருத்தர் பேரில் எழுதியிருக்கிறது.

ஒருத்தி தலையிலேயே எல்லாப் பாரத்தையும் போடுவதும் நம்ம வழக்கம். எது சொன்னாலும் செய்கிற ஒருத்தி எல்லாக் குழுவிலும் இருப்பாள். வங்கிக்கும் அவள், பஞ்சாயத்துக்கும் அவள், ஆஸ்பத்திரிக்கும் அவள். வீட்டிலும் அவளுக்கு ஓய்வு கிடையாது. இரண்டு வருஷத்தில் அவள் சோர்ந்து உட்கார்ந்துவிடுவாள். அதனால்தான் கிழமைக்கு ஒருத்தர். எங்கள் சபைகளில் பிடி அரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போது குடும்பத்துக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். தூரத்தில் மிசோரம் மாநிலத்தில் சபைப் பெண்கள் இதை 1910-இல் தொடங்கி இன்றைக்கும் விடாமல் செய்கிறார்கள். அந்தப் பணத்தில் ஊழியங்கள் நடக்கின்றன. ஒரு பிடி எடுத்தால் யார் வீட்டிலும் பசி வராது. ஒரே வீட்டில் ஒரு மூட்டை கேட்டால் அந்த வீடு தாங்காது. நம்ம குழுச் சேமிப்பும் இதே கணக்குத்தான்.

1989-இல் தருமபுரியில் நம்ம மாநிலத்தில் மகளிர் குழு வேலை தொடங்கியபோது, கைநாட்டு வைத்த எத்தனையோ அம்மாக்கள் குழுவில்தான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கையெழுத்தைக் கடன் பத்திரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வேலைக்கும் போடுவோம்.

அதனால் கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று, தீர்மானப் புத்தகத்தில் உதவி சம்பந்தமாக எது எழுதினாலும் யார், என்ன, எந்த நாள் என்று மூன்றையும் எழுத வேண்டும். பேர் இல்லாத தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வராத ஆள் பேரை அவங்களைக் கேட்காமல் எழுதவும் கூடாது.

இரண்டு, மாதம் ஒரு கூட்டத்தில் உறுப்பினர்கள் ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள். நம்ம முதுகை நாம பார்க்க முடியாது. வெளிறின அல்லது சிவந்த தேமல், அரிப்பு இல்லாமல், தொட்டால் உணர்ச்சி இல்லாமல் இருந்தால் நேராக ஆரம்ப சுகாதார நிலையம். நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை. ஒரு ரூபாய் செலவில்லை. சீக்கிரம் பார்த்தால் விரல் மரத்துப் போகாது.

மூன்று, நோட்டில் ஆண்கள் பேரையும் எழுதுங்கள். கோயிலோ சர்ச்சோ, கணக்குப் புத்தகம் அவர்கள் கையில், துடைப்பம் நம்ம கையில் என்று எத்தனை நாள்? எங்கள் நோட்டில் பிள்ளையைப் பள்ளியில் விட்டது அக்காவின் கொழுந்தனார்தான். ஆயா கேட்டார், எழுதினார், அவர் போனார். கேட்டால் போகிறார்கள். நாமதான் கேட்பதில்லை.

இன்றைக்கு விழா முடிந்து பிரியாணிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போவோம். போகிற வழியில் உங்கள் தெருவில் சாத்தியிருக்கிற ஒரு கதவு ஞாபகத்துக்கு வரும். படுக்கையில் இருக்கிற ஒரு பெரியம்மா இருக்கலாம், புருஷன் போன ஒரு தங்கச்சி இருக்கலாம். அடுத்த குழுக் கூட்டத்தில் அந்தக் கதவைப் பற்றிப் பேச்சு எடுங்கள். எடுத்துவிட்டு, நோட்டு வைத்திருக்கிறவரைப் பார்த்து முதலில் உங்கள் பேரைச் சொல்லுங்கள்.